தண்ணீர் பாக்கெட்டில் ஓர் ஓட்டை

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2017 கடைசியில் வீட்டுக் கூரையில் 6 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார். போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "உங்கள் சோலாரால் ஐரோப்பாவின் கார்பன் ஒரு கிராம்கூடக் குறையவில்லை" என்று காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டிவிட்டாராம். "எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை சார். போட்ட காசு போகட்டும், செய்த காரியமே வீணா?" என்று கேட்கிறார்.

வீணில்லை. ஆனால் நண்பர் போட்ட கணக்கும் ஒரு காலத்தில் முழுக்கச் சரியாகத்தான் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கார்பன் சந்தை நடக்கிறது. மின் நிலையங்களும் பெரிய தொழிற்சாலைகளும் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டால் ஓர் அனுமதிச் சீட்டை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கொடுக்க வேண்டிய சீட்டு குறைந்தால் டன்னுக்கு 100 யூரோவுக்குக் குறையாத அபராதம். அதைக் கட்டிய பிறகும் சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். மொத்தம் எத்தனை சீட்டு என்பது முன்கூட்டியே முடிவானது, ஆண்டுதோறும் குறையும். மிச்சம் வைத்திருப்பவர் விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம். இவ்வளவுதான் சந்தை.

இதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 2000-இல், ஜெர்மனி தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தது. காற்று, சூரிய மின்சாரம் தயாரிப்பவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை. 2004-இல் வீட்டுக் கூரையில் தயாராகும் ஒரு யூனிட்டுக்கு 57.4 சென்ட் வரை கொடுத்தார்கள். 2000-இல் அந்த நாட்டு மின்சாரத்தில் 6 சதவீதம் அளவில் இருந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல், 2023-இல் பாதியைத் தாண்டியது.

இரண்டுமே நல்ல திட்டங்கள். சேர்ந்தபோதுதான் சிக்கல். நம்மூர்க் கல்யாண வீட்டுத் தண்ணீர் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் குறையாது. ஸ்டுட்கார்ட் கூரையில் வெயில் அடிக்கிறது, அந்த அளவுக்கு ஜெர்மனியில் ஒரு நிலக்கரி மின் நிலையம் குறைவாக ஓடுகிறது. அதனால் மிச்சமாகும் சீட்டு என்ன ஆகும்? சந்தைக்கு வரும், விலை கொஞ்சம் இறங்கும், போலந்தில் ஒரு மின் நிலையம் அதை வாங்கி அதே அளவு நிலக்கரியை எரிக்கும். மொத்த உமிழ்வைத் தீர்மானிப்பது சீட்டுகளின் எண்ணிக்கை. அதைக் கூரைமேல் இருக்கும் சோலார் தொடுவதே இல்லை. ஜெர்மன் பொருளாதார அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2004-லேயே இந்த எச்சரிக்கையைத் தந்தது.

பாக்கெட்டும் பெரிதாக இருந்தது. 2008 பொருளாதாரச் சரிவில் ஆலைகள் குறைவாக ஓடின, சீட்டுகள் குவிந்தன. 2013 ஏப்ரலில் ஒரு சீட்டு 3 யூரோவுக்கும் கீழே போனது. ஒரு டன் புகைக்கு ஒரு காபியின் விலை!

இதைச் சரிசெய்ய ஐரோப்பா கண்டுபிடித்த ஏற்பாடு இருக்கிறதே, அதன் அழகை நின்று பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் 'சந்தை நிலைப்பு இருப்பு' என்ற ஒரு தனிக் கிடங்கு செயல்படத் தொடங்கியது. யாரும் பயன்படுத்தாமல் சந்தையில் தங்கியிருக்கும் சீட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவார்கள். 2017 முடிவில் அந்த எண்ணிக்கை 165 கோடி. அப்போதைய விதிப்படி, இது 83.3 கோடியைத் தாண்டினால், தங்கியிருப்பதில் 24 சதவீதத்துக்குச் சமமான சீட்டுகளை, அரசுகள் அடுத்த 12 மாதத்தில் புதுச் சீட்டு விற்கும் ஏலத்திலிருந்து பிடித்துக் கிடங்கில் போட வேண்டும். 2018-இல் செய்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: 2023 முதல், கிடங்கில் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தவை செல்லாதவையாகிவிடும். திரும்ப வராது. பாக்கெட்டில் ஓட்டை விழுந்த இடம் இதுதான்.

இப்போது வாசகரின் கூரைக்கு வருவோம். 6 கிலோவாட் சோலார் அந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 6,000 யூனிட் தரும். அது நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாகப் போனால் ஏறக்குறைய 5 டன் மிச்சம், அதாவது 5 சீட்டு. அந்த ஆண்டுகளில் சந்தையில் சீட்டு வழிந்துகொண்டிருந்ததால், இந்த 5-ம் உடனே எரிந்துபோகாமல் குவியலில் சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளலாம். முதல் எண்ணிக்கையில் 24 சதவீதம் போகும்: 5 என்பது 3.8 ஆகும். அடுத்த ஆண்டு 2.9. அப்புறம் 2.2, 1.7, 1.3. ஐந்து எண்ணிக்கை முடிவதற்குள் முக்கால் பங்கு கிடங்குக்குப் போய்விட்டது!

பள்ளியில் கதிரியக்கத் தனிமங்களுக்கு 'அரை ஆயுள்' படித்தோமே, அதே கணக்கு. மிச்சமான ஒரு சீட்டின் அரை ஆயுள் சுமார் இரண்டரை ஆண்டு. அணுக்கருவின் சூத்திரம் ஒரு சட்டத்தின் பிரிவுக்குள் உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 தொடக்கத்தில் கிடங்கிலிருந்து 250 கோடிக்கும் அதிகமான சீட்டுகள் செல்லாதவையாயின. அடுத்த மாதம் சீட்டின் விலை 100 யூரோவைத் தொட்டது.

இந்த ஓட்டைக்குள் ஒரு நுணுக்கமும் உண்டு. இன்று மிச்சமாகும் சீட்டைத்தான் அது விழுங்கும். "2035-இல் நிலக்கரியை நிறுத்துவோம்" என்று ஓர் அரசு இன்று அறிவித்தால் என்ன நடக்கும்? எதிர்காலத்தில் சீட்டுக்குத் தேவை குறையும் என்று வியாபாரிகள் இப்போதே கணக்கிடுவார்கள், விலை இப்போதே இறங்கும், பிற ஆலைகள் இப்போதே கூடுதலாக எரிக்கும். குவியல் சுருங்கும், கிடங்குக்குப் போவதும் குறையும். நல்லது செய்வதாக அறிவித்ததே உமிழ்வைக் கூட்டிவிடலாம். அதனால்தான் ஜெர்மனி 2020-இல் நிலக்கரியைக் கைவிடும் சட்டம் இயற்றியபோது, மூடப்படும் நிலையங்களால் மிச்சமாகும் சீட்டுகளைத் தானே ரத்து செய்யவும் வழி வைத்தது.

நம் நாட்டின் நிலை வேறு. இந்தியாவின் கார்பன் சந்தைத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதத் துறைகளுக்கு 2025-இல் இலக்குகள் வந்தன. இங்கே மொத்த உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற விகிதம்தான் இலக்கு. மின் நிலையங்களும் இந்த முதல் பட்டியலில் இல்லை. ஆகவே முப்பந்தலில் சுற்றும் காற்றாலை ஒரு யூனிட் தந்தால், மின்கட்டமைப்பின் சராசரிப்படி முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கார்பன் டை ஆக்சைடு மிச்சம். அதை எடுத்து வேறு யாரும் எரிக்க வழி இல்லை. இன்னொரு பக்கம், உற்பத்தி பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம், விகிதம் அதைத் தடுக்காது. ஒருநாள் இங்கும் உச்சவரம்பு வரும் என்றே நினைக்கிறேன். வரும்போது மாநிலங்களின் காற்றாலை, சோலார் கொள்கைகளும் டெல்லியின் சந்தையும் ஒன்றையொன்று எப்படி அமுக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட ஆட்கள் வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் டர்பைன் வடிவமைக்கக் கற்றுத்தருகிறோம். அந்த டர்பைனால் உண்மையில் எவ்வளவு புகை குறைகிறது என்று கணக்கிடும் பொருளியலையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படாத ஆராய்ச்சி இது. பத்து இளைஞர்களும் அவர்களுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளமும் போதும். அந்தப் பணத்தை ஒதுக்க நாம் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, ஸ்டுட்கார்ட் வாசகருக்கு. உங்கள் கூரை 2018-இல் மிச்சப்படுத்திய 5 சீட்டில் சுமார் 3.7 கிடங்குக்குப் போய்விட்டது என்று நண்பரிடம் சொல்லுங்கள். சந்தையில் தங்கியிருக்கும் சீட்டுகள் எத்தனை என்று ஐரோப்பிய ஆணையம் ஆண்டின் நடுவில் வெளியிடும் அந்த ஓர் எண்ணை இருவரும் சேர்ந்து கவனித்து வாருங்கள். 2023 முடிவில் அது 111 கோடி. அது 83.3 கோடிக்குக் கீழே இறங்கும் ஆண்டில் ஓட்டை அடைபடும், உங்கள் நண்பரின் பழைய கணக்கு மறுபடி சரியாகிவிடும்.