எச்.ஐ.வி.யும் மூப்பும்: முப்பதாண்டுக் கேள்விக்கு ஐந்தாண்டுப் பணம்

அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று 50 வயதைத் தாண்டியவர்கள். 1996-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலான பிறகு, மருந்தைத் தவறாமல் எடுப்பவர்களின் உயிரை எய்ட்ஸ் பறிப்பது அரிதாகிவிட்டது. ஆனால் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்வு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவை தொற்று இல்லாதவர்களைவிட இவர்களிடம் கூடுதலாகவே இருக்கின்றன. இரத்தத்தில் வைரஸ் பரிசோதனையிலேயே தட்டுப்படாத அளவுக்குக் குறைந்த பிறகும் ஏன் இப்படி?

விடையின் ஒரு பகுதி குடலில் இருக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடற்சுவரில் உள்ள சிடி4 என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் பெருமளவில் அழிகின்றன. சிகிச்சை தொடங்கினாலும் அந்தச் சுவர் முழுவதுமாகச் சீராவதில்லை. அதன் வழியே கசியும் பாக்டீரியாத் துணுக்குகள் இரத்தத்தில் கலப்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் ஓய்வின்றி வேலை செய்கிறது. இந்த மெல்லிய, நீடித்த அழற்சிதான் இரத்தக் குழாய்களையும் எலும்பையும் மெல்ல அரிக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இதோடு புகைப்பழக்கம், ஹெபடைடிஸ் சி, சைட்டோமெகலோ வைரஸ், 1990-களில் தரப்பட்ட ஸ்டாவுடின் போன்ற மருந்துகளின் நச்சு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல நீண்ட காலம் வேண்டும். காலத்துக்கு யார் பணம் தருவது என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., இத்துறையின் மிகப் பெரிய புரவலர். எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்கு அது ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிவந்திருக்கிறது. அந்தப் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. தொற்றுநோய், இதயம், மூப்பு, மனநலம் எனப் பல கிளை நிறுவனங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. எய்ட்ஸ் ஆராய்ச்சி அலுவலகம் என்ற ஒருங்கிணைப்பு அமைப்பு, எந்த ஆய்வை எச்.ஐ.வி. கணக்கில் எழுதலாம் என்பதைக் கவனிக்கிறது. 2015 வரை என்.ஐ.எச். நிதியில் சுமார் 10 சதவீதம் எச்.ஐ.வி.க்கு என்பது எழுதாத விதியாக இருந்தது. அந்த ஆண்டு அது கைவிடப்பட்டு, ஆய்வுத் தலைப்புகள் உயர், நடுத்தர, குறைந்த முன்னுரிமை எனப் பிரிக்கப்பட்டன. எச்.ஐ.வி.யோடு வரும் இணை நோய்கள் உயர் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மூப்பு ஆய்வுக்கு இது நல்ல காலம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எலும்புத் தேய்வைப் பற்றிய பொதுவான ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள இருபது பேரைச் சேர்த்துவிட்டு இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. கேள்வியே எச்.ஐ.வி.யைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

வழக்கமான நல்கைக்கு, அதாவது ஆய்வு நிதியுதவிக்கு, ஆர்-01 என்று பெயர். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை நேரடிச் செலவு கேட்டால் சுருக்கமான வரவு செலவுத் திட்டம் போதும். 5,00,000 டாலரோ அதற்கு மேலோ கேட்பதாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த 2,50,000 என்ற வரம்பு 1999-ல் வகுத்தது. விலைவாசி எங்கோ போய்விட்டது, வரம்பு மட்டும் நகரவில்லை. சக ஆய்வாளர்கள் விண்ணப்பத்துக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். இங்கே 1தான் சிறந்தது. சராசரியைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணே விண்ணப்பத்தின் தலைவிதி. கீழ்ப்பாதியில் விழுபவை பெரும்பாலும் விவாதத்துக்கே எடுக்கப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தின் கட்டடம், மின்சாரம், கணக்கர் போன்ற மறைமுகச் செலவு இதற்கு மேல் தனியாகச் சேரும். அதை 15 சதவீதமாகக் கட்டுப்படுத்த 2025 பிப்ரவரியில் என்.ஐ.எச். அறிவித்ததும் வழக்குகள் பாய்ந்தன. கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 200 பேர், இல்லாதவர்கள் 200 பேர், ஆண்டுக்கு ஒரு பரிசோதனை. இரத்தம், கைப்பிடி வலிமை, நான்கு மீட்டர் நடை வேகம், நினைவுத் திறன், வினாப்பட்டியல், பயணப்படி எல்லாம் சேர்த்து ஒரு வருகைக்கு 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 400 வருகைக்கு 2,40,000 டாலர். 2,50,000 டாலர் ஆண்டுப் பணம் ஏறக்குறைய முழுவதும் இதிலேயே தீர்ந்துவிட்டது. ஆய்வாளரின் ஊதியமும் ஆய்வகச் சோதனைகளும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இத்தனை செலவழித்து எத்தனை மாரடைப்பைப் பார்ப்போம்? 2023-ல் வெளியான ரெப்ரீவ் ஆய்வு ஓர் அளவுகோலைத் தருகிறது. 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேருக்குப் பிட்டாவஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ போலி மாத்திரையோ தந்து, சராசரியாக ஐந்தாண்டு தொடர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் எச்.ஐ.வி. உண்டு, இதய நோய் அபாயம் குறைவு முதல் நடுத்தரம் வரை. போலி மாத்திரைக் குழுவில் பெரிய இதய நிகழ்வுகள் 1,000 ஆள்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓராண்டு தொடர்ந்தால் ஓர் ஆள்-ஆண்டு) 7.3, மருந்துக் குழுவில் 4.8. அதாவது 35 சதவீதக் குறைவு. இதே விகிதத்தை நம் 200 பேருக்குப் பொருத்தினால் ஐந்தாண்டில் கிடைப்பது ஏழு நிகழ்வுகள்தான். ஏழு நிகழ்வுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ரெப்ரீவ் போன்ற ஆய்வு ஒரு சாதாரண நல்கையில் நடக்காது. என்.ஐ.எச்.-ன் இதய நிறுவனத்தின் பணம், தொற்றுநோய் நிறுவனம் ஏற்கெனவே கட்டிவைத்திருந்த மருந்துச் சோதனை வலையமைப்பு, மருந்து நிறுவனங்களின் உதவி மூன்றும் சேர்ந்துதான் நடந்தது. (கொழுப்பைக் குறைக்க எத்தனையோ ஸ்டாட்டின் மருந்துகள் இருக்க, பிட்டாவஸ்டாட்டினைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சையில் சேரும் ரிடோனாவிர், கோபிசிஸ்டாட் போன்ற மருந்துகள் கல்லீரலில் ஒரு நொதியை முடக்குவதால் சிம்வஸ்டாட்டின் உடலில் என்ற ஸ்டாட்டின் ஆபத்தான அளவுக்குத் தேங்கும். பிட்டாவஸ்டாட்டின் பெரும்பாலும் அந்த வழியில் செல்வதில்லை.)

சிறிய நல்கை பெற்றவர் ஆகவே நோயை எண்ணுவதை விட்டு, நோயின் அறிகுறிகளை அளக்கிறார்: ஐ.எல்.-6 (அழற்சியைக் காட்டும் புரதம்), டி-டைமர் (இரத்த உறைவைக் காட்டுவது), நடை வேகம், டி.என்.ஏ. மெத்திலேற்றத்தால் (டி.என்.ஏ. மீது ஒட்டும் வேதிக் குறிகளால்) வயதைக் கணிக்கும் கடிகாரம். 2015-ல் வந்த ஒரு கட்டுரை எச்.ஐ.வி. இரத்தத்தின் கணிப்பு வயதை ஏறக்குறைய 5 ஆண்டும் மூளைத் திசுவின் வயதை 7 ஆண்டும் கூட்டுகிறது என்றது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எச்.ஐ.வி. இரத்த அணு வகைகளின் விகிதத்தையே மாற்றுகிறது, அதுவும் மெத்திலேற்ற அளவை நகர்த்தும். அணு விகிதத்துக்குத் திருத்தம் செய்யாத கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் முதல் பக்கத்திலேயே மடக்கிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒப்பீட்டுக் குழுவில் விழும். பொது மக்களிலிருந்து 200 பேரை எடுத்தால் புகை, போதை, ஹெபடைடிஸ், வருமானம் எல்லாமே வேறாக இருக்கும்; வித்தியாசத்தை எச்.ஐ.வி. மீது போட முடியாது. 1984-ல் தொடங்கிய மேக்ஸ் என்ற தொடர் ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. ஒரே வாழ்க்கைச் சூழலில் உள்ள ஆண்களை, தொற்று உள்ளவர் இல்லாதவர் என இரு தரப்பிலும் சேர்த்தது. ஆய்வுக்குள் வந்த பிறகு சிலருக்குத் தொற்று ஏற்பட்டதால், முன்பும் பின்பும் எடுத்த இரத்தம் ஒரே மனிதரிடமிருந்து கிடைத்தது. அப்படிப்பட்ட 102 பேரின் பழைய மாதிரிகளை வைத்து, தொற்றின் முதல் சில ஆண்டுகளிலேயே கடிகாரம் வேகமெடுக்கிறது என்று 2022-ல் காட்டினார்கள். புதிதாகத் தொடங்கிய எந்த ஆய்வாலும் இதைச் செய்திருக்க முடியாது. மேக்ஸ், பெண்களுக்கான வைஸ் ஆய்வுடன் 2019-ல் இணைந்து இன்று இதய நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. குறைந்த பணத்தில் நல்ல மூப்பு ஆய்வு செய்ய விரும்புபவருக்கு என் பரிந்துரை இதுதான்: புதிதாக ஆள் சேர்க்காமல், இத்தகைய குழுவின் மாதிரிகளையும் தரவுகளையும் கேட்டு விண்ணப்பியுங்கள்.

தொடர் ஆய்வு நடத்துபவருக்குத் தலைவலி நான்காம் ஆண்டில் தொடங்கும். புதுப்பிக்கும் விண்ணப்பம் அப்போதே போக வேண்டும். நிராகரிக்கப்பட்டால் 37 மாதங்களுக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் செவிலியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் வேறு வேலைக்குப் போவார்கள், பங்கேற்பாளர்களின் தொலைபேசி எண்கள் மாறிவிடும். முதலில் வராமல் போவது தளர்ந்துபோனவர்கள். நடக்க முடிந்தவர்கள் மட்டுமே திரும்பி வருவதால், அடுத்த சுற்றுத் தரவில் குழு முழுவதுமே ஆரோக்கியம் கூடியதுபோல் தெரியும். இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டும், வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே சென்று பரிசோதித்தும் இதை ஓரளவு சரிசெய்யலாம். இரண்டுக்குமான செலவை முதல் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். சேமித்த மாதிரிகளையும் காக்க வேண்டும். உறைந்த பிளாஸ்மாவுக்கு, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதிக்கு, கழித்தல் 80 டிகிரி பெட்டி போதும். உயிருள்ள அணுக்களுக்குத் திரவ நைட்ரஜன் தேவை. நல்கை நின்ற மாதத்திலும் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், அதற்கான பில்லை ஏதாவது ஒரு கணக்கிலிருந்து கட்டியாக வேண்டும்.