சார்ட்டர் ஸ்கூல் ‘பட்டயப் பள்ளி’ ஆகாது

அமெரிக்காவில் அரசுப் பணத்தில், வழக்கமான பள்ளி விதிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்று நடக்கிற கட்டணமில்லாப் பள்ளிக்கு ‘சார்ட்டர் ஸ்கூல்’ என்று பெயர். அமெரிக்கப் பள்ளிக்கல்வி பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் யோசிக்காமல் ‘பட்டயப் பள்ளி’ என்று போட்டுவிடுகிறார்கள். அகராதியில் சார்ட்டருக்கு எதிரே பட்டயம் என்று இருக்கிறது, அதோடு வேலை முடிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ‘பட்டயம்’ என்றால் டிப்ளோமா. பட்டயப் படிப்பு, பட்டயச் சான்றிதழ், தொடக்கக் கல்விப் பட்டயத் தேர்வு என்று அரசு அறிவிப்பு முதல் கல்லூரி விளம்பரப் பலகை வரை அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. ‘பட்டயப் பள்ளி மாணவர்கள்’ என்று படிக்கிறவர் மனதில் பாலிடெக்னிக்தான் வந்து நிற்கும். ‘பட்டயப் பள்ளி ஆசிரியர்’ என்றாலோ, டிப்ளோமா படித்த ஆசிரியரா, டிப்ளோமா சொல்லித்தரும் ஆசிரியரா என்று தெரியாது. நிஜத்தில் அவர் இரண்டும் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் ‘கார்ட்டா’ ஆனது. சிறு தாளுக்கு ‘கார்ட்டுலா’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ட்டர் ஆயிற்று. 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டாவில் இருப்பதும் இதே சொல். கார்டு, சார்ட் எல்லாம் அதன் உறவுகள்.

பள்ளிக்கு இந்தப் பெயர் வந்த கதைதான் முக்கியம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட்டி 1970-களில் ஒரு யோசனை சொன்னார். ஆசிரியர் குழு ஒன்று கல்வி வாரியத்திடம் ஒரு சார்ட்டர் பெற்றுக்கொண்டு, புதிய பாடமுறையைக் குறிப்பிட்ட காலம் நடத்திப் பார்க்கட்டும் என்பது அது. அவர் மனதில் இருந்த முன்மாதிரி, கடலோடி ஹென்றி ஹட்சனுக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1609-இல் இருந்த ஏற்பாடு. பயணத்தின் நோக்கம் என்ன, ஹட்சன் எதைச் செய்து முடிக்க வேண்டும், அவருக்கு என்ன கிடைக்கும் என்று பேசி முடித்த ஏற்பாடு அது. 1988-இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இந்த யோசனையை நாடு முழுக்கப் பேசவைத்தார். (தனியார் நிறுவனங்கள் உள்ளே புகுந்ததும் பின்னாளில் அவரே இதைக் கடுமையாக எதிர்த்தார்.) 1991-இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. இன்று 35 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இவ்வகைப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

செயல்முறை இதுதான். பணம் அரசினுடையது, கட்டணம் கிடையாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். மாநிலத் தேர்வுகளை எழுதியாக வேண்டும். வழக்கமான பள்ளி விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. பதிலுக்கு, ஒத்துக்கொண்ட விளைவைக் காட்ட வேண்டும். பல இடங்களில் ஐந்து ஆண்டுக் கெடு. காட்டாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளி மூடப்படும். அப்படி மூடிய பள்ளிகள் ஏராளம்.

இனி ‘பட்டயம்’ என்ற சொல்லுக்கு வருவோம். பட்டாவும் பட்டயமும் உறவுச் சொற்கள். செப்புப் பட்டயம் என்பது அரசன் கோயிலுக்கோ, ஊருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ நிலம் கொடுத்ததற்கான சாட்சி. அதில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். வாங்கியவர் ஐந்து ஆண்டு கழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பேச்சே அங்கு இல்லை. ‘சந்திர சூரியர் உள்ளவரை’ செல்லும் என்றுதான் வெட்டுவார்கள். அதை அழிப்பவனுக்குச் சாபமும் சேர்த்தே எழுதுவார்கள். கெடு முடிந்தால் காலாவதியாகிற, ஒழுங்காக நடத்தாவிட்டால் பறிபோகிற ஓர் ஏற்பாட்டுக்கு இந்தப் பெயரைச் சூட்டினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. டிப்ளோமாக் குழப்பம் ஒருபுறம் இருக்கட்டும், அது இல்லாவிட்டாலும் இந்தச் சொல் பொருந்தாது.

ஆங்கில சார்ட்டரும் அரசன் கொடுத்ததுதானே என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் பள்ளிக்கு அந்தச் சொல்லை எடுத்தவர் மனதில் இருந்தது ஹட்சன் பேசி முடித்த ஏற்பாடு. மொழிபெயர்க்கிறவர் அந்தப் பயன்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ‘பட்டயக் கணக்காளர்’ என்று சொல்கிறோமே, அது மட்டும் சரியா என்ற கேள்வியும் வரும். அந்தப் பெயர் கணக்காளர் சங்கத்துக்கு அரச சார்ட்டர் கிடைத்ததிலிருந்து வந்தது. அவர் தேர்வெழுதித் தகுதி பெற்ற ஆள் என்பதால் தமிழ்க் காதுக்கும் உறுத்தவில்லை. சார்ட்டர் விமானத்தை யாராவது பட்டய விமானம் என்கிறோமா? வாடகை விமானம், தனி விமானம் என்று வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தோம். பள்ளிக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம்.

‘சாசனப் பள்ளி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அரசியல் சாசனம், கல்வெட்டுச் சாசனம் என்று அதிலும் நிரந்தரத்தின் வாடை. ‘தன்னாட்சிப் பள்ளி’ பரவாயில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. சுதந்திரம் தெரிகிறது, அதற்கு ஈடாகக் கொடுத்த வாக்கு தெரியவில்லை. ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று விளக்குவது நம் வாசகருக்கு எளிதாக இருக்கும், ஆனால் தவறான எளிமை. நம்மூரில் உதவி பெறும் பள்ளிகளில் பல, மத அமைப்புகள் நடத்துபவை. சார்ட்டர் பள்ளி மதப் பள்ளியாக இருக்கலாமா என்பதே அமெரிக்காவில் பெரிய வழக்கானது.

அந்த வழக்கை நினைத்தால்தான் ‘தனியார் சார்ட்டர் பள்ளி’ என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். ஓக்லஹோமாவில் செயின்ட் இசிடோர் என்ற கத்தோலிக்க இணையவழிப் பள்ளிக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சார்ட்டர் பள்ளி அரசின் பள்ளி, எனவே மதப் பள்ளியாக இருக்க முடியாது என்பது தீர்ப்பு. பள்ளித் தரப்போ, நாங்கள் அரசோடு ஏற்பாடு செய்துகொண்ட தனியார் அமைப்புதான் என்றது. 2025 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்தது. நீதிபதி ஏமி கோனி பாரெட் விசாரணையில் பங்கேற்கவில்லை. மாநிலத் தீர்ப்பு நின்றது, நாடு முழுமைக்குமான விடை கிடைக்கவில்லை. எட்டு நீதிபதிகள் முடிவு செய்ய முடியாததை நம் செய்தியாளர் ‘தனியார்’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகிறார்.

நான் எழுதுவது ‘உடன்படிக்கைப் பள்ளி’. இரு தரப்பு இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, கெடு இருக்கிறது, மீறினால் முறியும். கையெழுத்து நடந்தது என்று சொல்கிறதே தவிர, பள்ளி யாருடையது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ‘ஒப்பந்தப் பள்ளி’யும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் ஒப்பந்தம் என்றால் நமக்கு ஒப்பந்தத் தொழிலாளர், காண்டிராக்டர் நினைவு வருகிறது. சிகாகோவில் ‘கான்ட்ராக்ட் ஸ்கூல்’ என்று வேறொரு வகைப் பள்ளியும் இருக்கிறது, அந்தப் பெயர் அதற்கு வேண்டும். உடன்படிக்கை நாடுகளுக்கு இடையில் வருவதல்லவா என்பார்கள். நாடுகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதுவும் பிடிக்காவிட்டால் ‘சார்ட்டர் பள்ளி’ என்று அப்படியே எழுதுங்கள். புரியாத கடன்சொல்லுக்கு வாசகர் விளக்கம் தேடுவார். தப்பாகப் புரிகிற தமிழ்ச்சொல்லுக்குத் தேடமாட்டார். தனித்தமிழ் மீது எனக்குப் பற்று உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தத் துறையில் மற்ற சொற்களின் நிலையும் இதேதான். தனியார் பள்ளிக் கட்டணத்துக்காக அரசு பெற்றோருக்குத் தரும் வவுச்சரைப் ‘பற்றுச்சீட்டு’ என்கிறார்கள். பற்றுச்சீட்டு பணம் கட்டிய பிறகு கையில் வருவது, ரசீது. இலங்கையில் அன்றாடம் அந்தப் பொருளில்தான் வழங்குகிறது. கட்டணத்துக்கு முன்னால் அரசு கொடுப்பது ‘கல்விக் கட்டணச் சீட்டு’. 2025-இல் டெக்சாஸ் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கிய திட்டத்தைக் ‘கல்விச் சேமிப்புக் கணக்கு’ என்று எழுதுகிறார்கள். அங்கே பெற்றோர் எதையும் சேமிப்பதில்லை. தனியார் பள்ளிச் செலவுக்கு அரசு போடுகிற பணம் அது. அந்தப் பெயரே ஆங்கிலத்தில் சாமர்த்தியமாக வைத்தது, அதை நாமும் வரிக்கு வரி சுமக்கத் தேவையில்லை. ‘கல்விச் செலவுக் கணக்கு’ என்றால் உண்மை.

இன்னும் ஒன்று பாக்கி. உடன்படிக்கையில் மறுபக்கம் கையெழுத்திடும் அமைப்பை ‘அங்கீகரிப்பாளர்’ என்று எழுதாதீர்கள். அங்கீகாரம் நம்மூரில் வேறு நடைமுறை. மாவட்டக் கல்வி வாரியமோ, மாநில வாரியமோ, சில மாநிலங்களில் பல்கலைக்கழகமோ அந்த இடத்தில் இருக்கும். ‘உடன்படிக்கை வழங்கும் அமைப்பு’ என்று நீட்டியே எழுதலாம். கெடு முடிந்ததும் பள்ளி நீடிப்பதா, மூடுவதா என்று சொல்வதும் அந்த அமைப்புதான்.