சரளமாக வாசித்தும் ஏன் புரிவதில்லை?

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்து முடிக்கிறது. "சரி, என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறது. கவனமே இல்லை என்று திட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது அநியாயம். எழுத்தை ஒலியாக்குவது ஒரு வேலை. அந்தச் சொற்களை வைத்து மனதுக்குள் ஒரு காட்சியைக் கட்டுவது வேறு வேலை.

"முருகன் வாசல்வரை வந்தான். வானத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் குடையை எடுத்துவந்தான்." இதில் மழை என்ற சொல்லே இல்லை. ஆனாலும் உங்கள் மனதில் மேகம் கறுத்துவிட்டது. எழுதுகிறவர் விட்ட இடத்தை, வாசிப்பவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்கிறார். மழையும் குடையும் எல்லாருக்கும் தெரியும். "வங்கிகள் வட்டியைக் கூட்டின. வீடு வாங்க நினைத்தவர்கள் தயங்கினார்கள்" என்ற வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை இந்த இடைவெளியை எதை வைத்து நிரப்பும்?

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைக் கொடுத்தார்கள். வாசித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடித்துக் காட்டவும் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். 'படிப்பு வராத பிள்ளை' என்று யாரையாவது முத்திரை குத்தும்முன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ள வேண்டும். பாடத்துக்குள் நுழையும்முன் பத்து நிமிடம் பின்னணி பேசுவதை நேர விரயம் என்று நினைப்பவர்களும்தான்.

பின்னணி மட்டும் போதுமா? போதாது. தனக்குப் புரியவில்லை என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கண் வரிமேல் ஓடிக்கொண்டே இருக்கும். அர்த்தம் எங்கோ அறுந்திருக்கும். தேர்ந்த வாசகர் அந்த இடத்தில் தானாக நின்று, மேலே போய்த் திரும்பப் படிப்பார். அது அவர் மனதுக்குள் நடப்பதால் பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை.

அதை வெளியே கொண்டுவரும் முறையைத்தான் அன்னமேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் விவரித்தார்கள். வாய்விட்டு வாசிக்கத் தெரிந்தும் புரிதலில் தடுமாறிய ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு பத்திக்கும் நான்கு வேலைகள்: ஒரு கேள்வி கேட்பது, சாரத்தைச் சொல்வது, குழப்பமான இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். "'இதனால்' என்று போட்டிருக்கிறதே, எதனால்? எனக்குப் பிடிபடவில்லை, முந்தின வரியைப் பார்க்கிறேன்" என்று தன் யோசனையைச் சத்தமாகச் சொல்வார். அப்புறம் மாணவர்கள் ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்துக்கு வருவார்கள். அவர்கள் தேறத் தேற ஆசிரியர் பின்வாங்கிக்கொள்வார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, புரியாத இடத்தைச் சொல்வது இங்கே வெட்கமில்லை, அதுவே வேலை என்பதுதான்.

பராக் ரோசன்ஷைனும் கார்லா மெய்ஸ்டரும் 1994இல் இம்முறை பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் தெரிந்த அளவுக்கு, எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாகத் தயாரித்த வாசிப்புத் தேர்வுகளில் தெரியவில்லை. ஒரு மாதத்தில் மதிப்பெண் குவியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனாலும் 1984 ஆய்வில் வரும் ஒரு மாணவன் என் மனதில் நிற்கிறான். முதல் நாள் பாம்புகள் பற்றிய பத்தி. கேள்வி கேட்கச் சொன்னபோது அவனால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. பதினைந்தாம் நாள் தென் துருவம் பற்றிய பத்தி. அறிவியலாளர்கள் ஆராய்ச்சி செய்ய ஏன் அங்கே வருகிறார்கள் என்று அவனே குழுவைக் கேட்டான்.