ஃபிரேமைப் பிரித்ததும் வினிகர் வாடை

இந்த மாதம் இது மூன்றாவது. லாஸ் ஏஞ்சலஸில் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் என் மேசைக்கு வந்தது 1950களின் டிஸ்னி அனிமேஷன் செல், அதாவது கார்ட்டூன் படத்துக்காக உருவம் வரைந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். பளபளப்பான ஃபிரேம், பின்னால் சுற்றிலும் டேப். பலகையைக் கழற்றியதும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஷீட் பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது. வரைந்திருந்த பெண்ணின் நீலப் பாவாடையில் பாதி, வற்றிய ஏரி மண் போல வெடித்து அட்டையில் உதிர்ந்து கிடந்தது. முப்பது வருடமாகக் காற்றே படாமல் வைத்திருந்ததாகச் சொன்னார் கொண்டுவந்தவர்.

ஐயா, காற்றுப் படாததால்தான் இந்தக் கதி! இந்த ஷீட் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். அது சிதையும்போது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அமிலம், அதற்குள்ளிருந்தே கிளம்புகிறது. வெளியேற வழியில்லாத அமிலம் அங்கேயே தங்கிச் சிதைவை இன்னும் முடுக்குகிறது. புளிக்கத் தொடங்கிய மாவை இறுக மூடினால் புளிப்பு நின்றுவிடுமா? லேமினேஷன் இன்னும் மோசம். சூடும் அழுத்தமும் பட்டபின் வண்ணத்தைப் பெயர்க்காமல் அந்த உறையைப் பிரிக்க என்னால் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

1940களின் செல் என்றால் நைட்ரேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், அசிட்டேட்டாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால் ஷீட்டை வெட்டாமலே தெரிந்துவிடும். நைட்ரேட்டைத் தனியாக வையுங்கள். அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் அரிக்கும். செல் இருக்கும் பெட்டிக்குள் ஏ-டி ஸ்ட்ரிப் ஒன்று போடுங்கள், அமிலம் பட்டால் நிறம் மாறும் காகிதத் துண்டு அது. நீலம் பச்சையானாலே அமிலம் கிளம்பிவிட்டது, மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள்.

துடைக்காதீர்கள். கோடுகள் முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயால் ஒருவர் ஒரே இழுப்பில் புருவத்தை அழித்துவிட்டு வந்தார். கண்ணாடியும் செல்லில் ஒட்டக் கூடாது, இடைவெளி வேண்டும். வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம்.

உரிந்த இடத்தில் பசை தடவாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டிஸ்னியின் பழைய வண்ணம் கோந்தில் குழைத்தது. ஈரப்பதம் ஏறினால் இளகும். கலைப்பொருள் பாதுகாப்பை ஆராயும் கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட்டும் டிஸ்னி அனிமேஷன் ரிசர்ச் லைப்ரரியும் சேர்ந்து ஆராய்ந்தது இந்தக் குணத்தைத்தான். ஈரப்பதத்தை அளவாக ஏற்றினால், புதுப் பசை இல்லாமலே வண்ணம் பழைய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அளவு தப்பினால் வண்ணம் பிசுபிசுத்துத் தொட்டதில் எல்லாம் ஒட்டும். வீட்டில் ஹியூமிடிஃபயரை வைத்து முயல வேண்டாம்.

உதிர்ந்த துகளைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டுச் செல்லோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். அந்தப் பாவாடையின் நீலத்தில் நாற்பத்தோரு துண்டு தேறியது. லென்ஸுக்கு அடியில் வைத்து இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.