உறைபனி மேலேயிருந்து விழுவதில்லை

ஜனவரியில் ஒரு நாள், கதவு திறந்த கையோடு ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குள் போய்ப் பாருங்கள். கீழே விரியும் பெரிய புல்வெளி உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். அதன் ஓரத்து மரத்தடியில் மட்டும் புல் பச்சையாகவே இருக்கும். நேற்று ராத்திரி நல்ல பனி பெய்திருக்கிறது, மரம் குடை பிடித்திருக்கிறது என்று தோன்றும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உண்மையில் மேலேயிருந்து எதுவும் விழவில்லை. இழப்பு கீழேயிருந்து மேலே நடந்திருக்கிறது.

எல்லாப் பொருளும் எந்நேரமும் வெப்பத்தைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பகலில் வெயில் அதைவிட அதிகமாகக் கொடுத்துவிடும். இரவில் வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் தொடரும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் புல்லின் சூடு நேராக மேலே போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்று உலர்ந்துபோகிறது, இரவும் நீளம். அதோடு ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது; தலைக்கு மேல் காற்றும் குறைவு, நீராவியும் குறைவு. போர்வை மெல்லியதாகிவிடுகிறது.

புல் மெலிசு. அதனிடம் சேமிப்பு கிடையாது. அடியிலுள்ள காய்ந்த சருகு மண்ணின் சூட்டையும் மேலே வரவிடாது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடப் புல்லிதழ் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். செய்தித்தாளில் 2 டிகிரி என்று போட்டிருந்தும் புல்வெளி வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெப்பமானி நாலடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது, புல் தரையில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது.

இதழின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனதும், தொடும் நீராவி தண்ணீராக மாறாமலே பனிக்கட்டியாகப் படிகிறது. குனிந்து ஒரு இதழைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவில் லேசான மாவுப் பூச்சுதான் இருக்கும். விளிம்பில் மட்டும் ஊசி ஊசியாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் புதுக் காற்றை முதலில் தொடுகிறது, நீராவியும் அதற்கே முதலில் கிடைக்கிறது. அந்த நேரத்தில் தயவுசெய்து புல்லின் மேல் நடக்காதீர்கள். உறைந்த இதழ் மிதிபட்டால் செல்கள் நொறுங்கும். உங்கள் காலடித் தடம் பல நாள் பழுப்பாகத் தெரியும்.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று ஜெரேனியம் தொட்டிகள் இருந்தன. இரண்டு கூரைத் தாழ்வாரத்துக்கு உள்ளே, ஒன்று இரண்டடி தள்ளி வெளியே. ஒரே மண், ஒரே தண்ணீர். ஒரு காலை வெளியே இருந்தது மட்டும் வெந்த கீரை போலத் துவண்டு, வெயில் ஏறியதும் கறுத்துவிட்டது. அந்த ஓட்டுக்கூரை குளிரைத் தடுக்கவில்லை. காற்று இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டு தொட்டிகளுக்கு அது வானத்தை மறைத்தது, அவ்வளவுதான்.

செடியைக் கொல்வதும் வெறும் குளிரல்ல. செல்களுக்கு இடையில் முதலில் பனிக்கட்டி கட்டுகிறது, அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே உறிஞ்சுகிறது. செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிந்துபோகிறது. இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற பாக்டீரியாக்கள் பனிக்கட்டி உருவாக அச்சு போல உதவி, உறைதலைச் சீக்கிரமே தொடங்கிவைக்கின்றன. 1848-ல் மெக் ஐவர் இந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ வெளிநாட்டுச் செடிகள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ. உறைந்தால் அதன் தண்டு தாங்காது.

அதனால்தான் பனிக்காலம் வந்ததும் பாத்திகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையைக் கொண்டு மூடுகிறார்கள். முதலில் பார்ப்பவருக்கு யாரோ புதரை வெட்டிப் பூச்செடிமேல் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு அது மிக அழகான பொறியியலாகத் தெரிகிறது. வானத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்து மிலார் குளிர்ந்து வெளுக்கும். அடியில் இருக்கும் செடி மிலாரின் முதுகைத்தான் பார்க்கிறது, வானத்தைப் பார்ப்பதில்லை. காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் இடுக்கு வழியே போய்வரும். மெல்லிய பாலிதீன் தாள் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யாது. வெப்பக் கதிர் அதை எளிதாக ஊடுருவிப் போய்விடும். கண்ணாடி அப்படி விடாது. கண்ணாடி மாளிகைக்குள் இருக்கும் செடிகள் பிழைப்பதில் அதற்கும் பங்குண்டு.

அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், "எந்தெந்த நாள் மூடணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "சாயங்காலம் மானம் தெளிஞ்சிருந்தா, காத்தும் நின்னுட்டா, மூடிரணும் சார்" என்றார். காத்தும் என்று அவர் சேர்த்துச் சொன்னது சும்மா இல்லை. காற்று வீசினால் மேலேயிருக்கும் இதமான காற்றைத் தரையோடு கலந்துவிடும், உறைபனி கட்டாது.

சரி, தண்ணீர் தெளிப்பது எதற்கு? காரட் தோட்டங்களில் ஸ்பிரிங்ளர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளித்துக்கொண்டே இருந்தால் இலைமேல் பனிக்கட்டி கட்டும், ஆனால் இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நடுவில் நிறுத்தினால் ஆபத்து. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 600 கலோரி வேண்டும், அதை இலையிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி வடியும். தொட்டபெட்டாவின் சரிவில் அமைந்த இந்தப் பூங்காவில் கீழ்ப் புல்வெளி அதிகம் வெளுப்பதும், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் உறைபனி கடுமையாக இருப்பதும் இதனால்தான். நீலகிரியின் பழைய காடான சோலை எங்கே முடிகிறது என்பதிலும் உறைபனிக்குப் பங்குண்டு. சோலைக்குள் மரத்தின் தழைக்கூரை இருக்கிறது. அடியில் நாற்று தப்பும். சோலையை விட்டு வெளியே புல்வெளியில் விழுந்த விதை முளைத்தாலும், பெரும்பாலான சோலை மரங்களின் நாற்றுகள் பனியில் கருகிவிடும். புல்லுக்கும் சோலைக்கும் நடுவே கோடு போட்டது போல எல்லை நிற்பதற்கு, தீயோடு சேர்த்து, உறைபனியையும் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிப் புல்வெளி நடுவே தனியாக வளரக்கூடிய மரம் காட்டுப் பூவரசு. தடித்த இலை, முறுக்கிய தண்டு. சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்கும் காலத்திலேயே அது சிவப்பாகப் பூக்கத் தொடங்கிவிடும்.