கிராண்ட்: மானியமா, நல்கையா?

ஆஸ்திரேலிய அரசு 2018இல் ‘மில்லியன் மைண்ட்ஸ்’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. மனநல ஆராய்ச்சிக்குப் பத்து ஆண்டுகளில் 12.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். தொடக்கத்தில் முன்னுரிமை பெற்ற துறைகளில் சிறுவர், இளையோர் மனநலமும் ஒன்று. இப்படித் தரும் பணத்தை ஆங்கிலத்தில் ‘கிராண்ட்’ என்பார்கள். இதைத் தமிழில் செய்தியாக்க உட்கார்ந்தால் ‘இளைஞர் மனநல ஆராய்ச்சிக்கு மானியம்’ என்று கை தானாக எழுதிவிடும். படிப்பவருக்கோ கேஸ் சிலிண்டர்தான் ஞாபகம் வரும்.

மானியத்தின் மேல் தப்பில்லை. வடமொழி ‘மான்ய’ என்பதிலிருந்து வந்த சொல் அது. மானம், மரியாதை என்ற பொருள் அடியில் இருக்கிறது. கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தவர்களுக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை மானியம் என்றார்கள். பிறகு ஆங்கிலேயர் ஆட்சியின் ‘கிராண்ட்’ இந்தச் சொல்லில் குடியேறியது. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் துறைவாரியாக நடக்கிற ‘மானியக் கோரிக்கை’ விவாதம் அந்தப் பொருளில்தான்: இந்தத் துறையின் செலவுக்கு இவ்வளவு பணம் அனுமதியுங்கள் என்று அரசு அவையைக் கேட்பது. பல்கலைக்கழக மானியக் குழு என்பதும், இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்பதும் அப்படி வந்தவையே. அப்புறம் உரம், எரிவாயு, சொட்டுநீர்க் குழாய் என்று விலைக்குறைப்புக்கு அரசு தரும் ‘சப்சிடி’யும் அதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது. இன்று தெருவில் மானியம் என்றால் அது ஒன்றுதான்.

ஆராய்ச்சிக்கான கிராண்ட் வேறு வகை. அதனால் எந்தப் பொருளின் விலையும் குறைவதில்லை. ஒரு கேள்விக்கு விடை தேட விரும்புகிறவர் திட்டம் எழுதி விண்ணப்பிக்கிறார். அதே துறையின் வேறு அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். தேறினால் பணம் வருகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் அரசு நிதி வாங்கிய ஆய்வாளர்களைக் கேளுங்கள், ‘யூ.சி.’ என்று பெருமூச்சு விடுவார்கள். யூட்டிலைசேஷன் சர்டிபிகேட், அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். அது போய்ச் சேராமல் அடுத்த தவணை நகராது.

கிராண்டின் வேரும் இதற்குப் பொருந்துகிறது. உறுதியளித்தல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியில் இருப்பது ‘கிரேதெரே’ என்ற லத்தீன் வினை, பொருள், நம்புதல். வங்கிக்காரர் சொல்லும் கிரெடிட்டும் அதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் இதற்கு நல்ல சொல் நல்கை. நல்கு என்ற வினையிலிருந்து வந்தது. ‘நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்கிறது குறுந்தொகையின் 37ஆம் பாட்டு. அங்கே நல்குதல் என்பது அன்பு காட்டுதல். பிற சங்கப் பாடல்களில் அரசர் புலவருக்குப் பரிசில் கொடுப்பதும் நல்குதலே. ஆக அன்பும் கொடையும் கலந்த சொல் இது. எனக்கு இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு: வரிப்பணத்தை மன்னர் பரிசில் போல ஒலிக்க வைக்கிறது. ஆனாலும் சப்சிடியோடு குழம்பாது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். கல்வியாளர்களிடையே ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ ஏற்கெனவே ஓரளவு பழகியும் விட்டது. நன்கொடை என்றால் டொனேஷன், உதவித்தொகை என்றால் படிக்கிறவர் கைக்குப் போகும் ஸ்காலர்ஷிப். இரண்டும் இங்கே ஒட்டாது.

ஆஸ்திரேலியக் கதையில் இன்னொரு சொல்லும் வருகிறது. மில்லியன் மைண்ட்ஸுக்குப் பணம் தருவது 2015இல் உருவான மருத்துவ ஆராய்ச்சி எதிர்கால நிதியம். அதன் முதல், அதாவது அசல் தொகை, 2020இல் 2,000 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டியது. அந்த முதலைத் தொடாமல் அது ஈட்டுவதிலிருந்து நல்கை தருகிறார்கள். ஆங்கிலத்தில் இதை எண்டோமெண்ட் என்பார்கள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கோயிலில் காசு வைத்து, முதல் குறையாமல் அதன் பொலிசையில், அதாவது வட்டியில், விளக்கெரிக்க ஏற்பாடு செய்த கல்வெட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. விளக்குக்கு ஆடு விட்டால் அது ‘சாவா மூவாப் பேராடு’, கணக்கில் சாகவும் மூப்படையவும் செய்யாத ஆடு! கட்டளை என்ற சொல் இந்தப் பொருளில் இன்றும் புழங்குகிறது. நிதிக்கு ‘வைப்பு முதல்’ என்றாலும் விளங்கும்.

‘இளைஞர்’ என்பதையும் தொட்டுவிடலாம். நடைமுறையில் அது ஆண்பிள்ளைகளைத்தான் கண்முன் நிறுத்துகிறது. இளையோர் என்றால் எல்லோரும் அடங்குவார்கள். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். ஐ.நா. கணக்கில் 15 முதல் 24 வரை. ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ‘ஹெட்ஸ்பேஸ்’ இளையோர் மனநல மையங்கள் 12 முதல் 25 வரை எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13–17 வயதினரைத் தனியாகப் பார்த்து அவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அந்த வயதைத் தமிழ்நாட்டில் வளரிளம் பருவம் என்கிறோம், இலங்கையில் கட்டிளமைப் பருவம். மனநலம் என்பதை அங்கே உளநலம் என்றும் எழுதுவார்கள்.

நிம்ஹான்ஸ் ஆய்வுக்கும் பணம் கொடுத்தது அரசுதான். ஆனால் இன்னதைக் கண்டறிந்து சொல்லுங்கள் என்று சுகாதார அமைச்சகமே கேட்டு நடந்த வேலை அது. ஆய்வாளர் தன் கேள்வியோடு போய்ப் போட்டியிட்டுப் பெறுவதுதான் நல்கை. அரசு தன் கேள்வியைக் கொடுத்துச் செய்விப்பதைப் ‘பணித்த ஆய்வு’ என்று பிரித்து எழுதலாம். செய்தித்தாளுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாமென்றால், ‘இளையோர் மனநல ஆய்வுக்கு அரசு நிதி’ என்று போட்டால் சரி.