சென்சாரை மாற்றித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் கேமராவைக் கொடுக்காதீர்கள்

ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. கல்யாணப் படம் எடுப்பவர்களின் கேமராக்கள் எங்கள் சர்வீஸ் மேசைக்கு வந்து சேரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) நன்றாகத்தானே இருக்கிறது, சென்சாரை (ஒளியைப் படமாக்கும் சில்லு) மட்டும் புது மாடலுடையதாக மாற்றிவிடலாமா? இந்த முறை வந்த இளைஞர் ஒருவர், அப்படி மாற்றித் தருவதாகச் சொன்ன யாரிடமோ முன்பணமும் கொடுத்திருந்தார். உள்ளே பாகங்களை இணைக்கும் ஃபிளெக்ஸ் கேபிள் கிழிந்து, திருகாணிகள் குறைந்து கேமரா திரும்பியிருக்கிறது. இப்படி இன்னும் எத்தனை பேர் ஏமாறுவார்கள்?

கணினியில் ரேம் கூட்டுவதுபோல கேமராவில் சென்சாரை மாற்ற முடியாது. 24 மெகாபிக்சல் சென்சார் இருந்த இடத்தில் 45 மெகாபிக்சலைப் பொருத்துவதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய இரு மடங்கு தரவு வரும். அதை வாங்கும் புராசஸர், தேக்கிவைக்கும் நினைவகம், வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு எல்லாம் பழைய சென்சாருக்காகச் செய்தவை. கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதியதை அடையாளமே தெரியாது. சென்சார், லென்ஸை மாட்டும் வளையமான மவுண்டுக்கு இம்மியும் பிசகாமல் இணையாக உட்கார வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் பில்லில் ‘சென்சார் மாற்றம்’ என்று இருந்தால், பழுதானதை எடுத்துவிட்டு அதே மாடலின் பாகத்தைப் பொருத்தினார்கள் என்றுதான் பொருள். வாங்கிய நாளில் இருந்ததைவிடப் படம் மேம்படாது.

விதிவிலக்கு உண்டு. ஹாசல்பிளாடின் சிஎஃப்வி 100சி டிஜிட்டல் பேக்கை (ஃபிலிம் பகுதிக்குப் பதிலாகப் பின்னால் மாட்டும், சென்சார் உள்ள அலகு), 1957 முதல் வந்த அந்த நிறுவனத்தின் வி வரிசை ஃபிலிம் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் மாட்டலாம். பின்பகுதி கழன்று வரும்படியே வடிவமைத்த கேமராக்கள் அவை. விலை பல லட்சம். ரிக்கோ 2009இல் லென்ஸும் சென்சாரும் ஒரே அலகாகக் கழலும் ஜிஎக்ஸ்ஆர் கேமராவைக் கொண்டுவந்தது, அது நிலைக்கவில்லை.

உங்கள் கேமராவில் காசில்லாமல் மேம்படுத்தக்கூடியது ஃபர்ம்வேர். 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2, வீடியோவில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) கையால் அமைக்கும் வசதியை 2009இல் ஃபர்ம்வேர் மூலமாகத்தான் பெற்றது; வினாடிக்கு 24, 25 பிரேம் வேகங்கள் 2010இல் வந்தன. நிக்கான் இசட்9 வாங்கியவர்களுக்கு 2022இல் 8கே 60 பிரேம் ரா (பதப்படுத்தாத மூல) வீடியோ இலவசமாகக் கிடைத்தது. ஆனால் என்னிடம் வரும் கேமராக்களில் பல, பெட்டியிலிருந்து எடுத்த நாளின் ஃபர்ம்வேரோடுதான் இருக்கின்றன!

தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொடாதீர்கள். மாடல் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பேட்டரி முழுதாக இருக்கட்டும். பாதியில் அணைத்தால் கேமரா உயிரிழக்கும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு இந்த வேலையே வேண்டாம்.

படம் மங்கலாக இருக்கிறது என்று பாடியைக் குறை சொல்பவர்களின் லென்ஸைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே பூஞ்சை. முதலில் லென்ஸைச் சோதியுங்கள். 12x36 ஆல்பத்தின் ஒரு பக்கம் 12x18 அங்குலம். அதை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட, ஒரு கோடியே 94 லட்சம் பிக்சல் போதும். 24 மெகாபிக்சலில் (2 கோடியே 40 லட்சம் பிக்சல்) அது அடங்கிவிடும். ஷட்டர் தேய்ந்ததா? மாற்றலாம், அதற்காகப் பாடியைத் தள்ளிவிட வேண்டாம்.

ஓடும் குழந்தையின் கண்ணை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ் வேண்டுமென்றால், பழைய டிஎஸ்எல்ஆரில் அதை யாராலும் சேர்க்க முடியாது. புது பாடிதான் வழி. அப்போதும் லென்ஸ்களை விற்றுவிடாதீர்கள். 1987 முதல் வந்த கேனன் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக கேனனின் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. தயவுசெய்து, தவணைக் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த பாடியை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் லென்ஸை மாட்டி, ஒரு மண்டபத்து வெளிச்சத்தில் படம் எடுத்து, ஆல்பம் அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.